நிறம் நீலம், எடை மாற்றமில்லை

மகள் வேதியியல் செய்முறைத் தேர்வில் தோற்றுவிட்டாள் என்ற செய்தி வந்தபோது சீலிங்காரர் ஒரு பல் மருத்துவமனையில் சாரத்தின் மேல் நின்று கூரையின் இணைப்புகளில் மாவு பூசிக்கொண்டிருந்தார். கையிலிருந்த மாவு இறுகுகிற வரை அப்படியே நின்றார். பிறகு அந்தக் கட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

இருபத்தாறு வருஷமாக அவருக்கு ஜிப்சம் வேலைதான். தெருவில் எல்லாரும் சீலிங்காரர் என்றே கூப்பிடுவார்கள். அண்ணாந்து பார்த்தே பிழைத்தவர் என்பதால், எதிரே உட்கார்ந்து பேசுகிறவர்களிடம் அவருக்கு எப்போதும் ஒரு கூச்சம் உண்டு. மகள் நேர்மாறு. எதையும் முகத்துக்கு நேராகப் பார்ப்பாள். ஏன் என்று கேட்பாள். மருந்தாளுநர் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் தேர்ச்சிச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். மற்ற பாடங்களில் எல்லாம் நல்ல மதிப்பெண். இந்தச் செய்முறையில் மட்டும் முப்பதுக்குப் பதின்மூன்று. தேறுவதற்குப் பதினைந்து வேண்டும்.

விடைத்தாள் நகலில் ஒரு கேள்விக்குப் பத்துக்குச் சுழியம் போட்டு, கீழே இரண்டு கோடு கிழித்திருந்தது. கேள்வி இதுதான்: ஐந்து கிராம் காப்பர் சல்பேட் படிகத்தைப் பீங்கான் கிண்ணத்தில் இட்டு இருபது நிமிடம் சூடாக்கி, நிறத்திலும் எடையிலும் கண்டதை எழுதுக.

அவள் எழுதியிருந்தாள்: நீல நிறம் வெள்ளையானது. எடை மூன்று புள்ளி இரண்டு கிராமாகக் குறைந்தது. படிகத்தோடு சேர்ந்திருந்த நீர் ஆவியாக வெளியேறியதே காரணம்.

"இதுல என்னம்மா தப்பு?" என்று கேட்டார் சீலிங்காரர்.

"ஒண்ணும் தப்பில்லப்பா. உங்க மாவு மாதிரிதான் இதுவும். கல்லா இருக்கற ஜிப்சத்தைச் சுட்டா உள்ள இருக்கற தண்ணியில பாதிக்கு மேல போய் மாவாகுது. நீங்க தண்ணி விட்டுக் குழைச்சா திரும்ப இறுகுது. இந்த உப்பும் தண்ணி போனா வெள்ளையாகும், தண்ணி பட்டா மறுபடி நீலமாகும்."

"அட, இவ்வளவுதானா! நான் தினம் பாக்கறதாச்சே. போய் எடுத்துச் சொன்னாப் போச்சு."

உலகம் அப்படித்தான் நடக்கிறது என்று அவர் நம்பியிருந்தார்.

தேர்வு ஆணையம் மூன்று மாடிக் கட்டடம். தரைத்தளத்தில் மறுகூட்டல் பிரிவு, முதல் மாடியில் மறுபார்வைப் பிரிவு, இரண்டாம் மாடியில் மறுமதிப்பீட்டுப் பிரிவு. மறுகூட்டலில் சுழியத்தையும் பதின்மூன்றையும் மூன்று பேர் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்து, மூன்று பேருக்கும் பதின்மூன்றே வந்தது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். மறுபார்வையில் அந்த விடையை ஒருவர் பார்த்தார். "பார்த்தாகிவிட்டது" என்று முத்திரை வைத்தார். அவர் படித்தாரா என்று மகள் கேட்டாள். பார்ப்பது மட்டும்தான் இந்தப் பிரிவின் வேலை என்று பதில் வந்தது.

இரண்டாம் மாடிக் கண்காணிப்பாளர் தங்கமானவர். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். கறுப்பு அட்டை போட்ட ஒரு புத்தகத்தைத் திறந்து, விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். ஆணையத்தின் விடைக்குறிப்பு அது: நிறம் நீலம். எடை மாற்றமில்லை.

"சார், சூடாக்கினா தண்ணி போயிடும் சார். எடை குறையும்" என்றாள் மகள்.

"போயிடும்னா எங்க போகும்? பொருள் அழியாதுன்னு பாடத்துல படிச்சியா இல்லையா?"

"அழியல சார். காத்துல கலந்துடுது."

"காத்துல கலந்ததுக்கெல்லாம் ஆணையம் மார்க் போட முடியுமாம்மா? கிண்ணத்துல இருக்கறதுக்குத்தான் போட முடியும்." அவர் கோபப்படவே இல்லை. "இந்த வருஷம் முப்பத்தோராயிரம் பேர் எழுதினாங்க. அத்தனை பேரும் நீலம்னு எழுதியிருக்காங்க. நீ ஒருத்திதான் வெள்ளை. அத்தனை பேருக்கும் கண்ணு அவிஞ்சு போச்சா?"

அத்தனை பேரும் வெள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் நீலம் என்று எழுதியிருந்தார்கள். டியூஷன்களில் அதற்கென்றே ஒரு வாய்பாடு உண்டு: கிண்ணத்துல வெள்ளை, பேப்பர்ல நீலம். மகளின் பள்ளியில் வேதியியல் ஆசிரியை நீண்ட விடுப்பில் போயிருந்தார். அதனால் அவளுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு தானே படித்தாள். கெட்டது அங்கேதான்.

தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் ஆணையத்தின் ஆய்வக உதவியாளர் அவர்களைப் பிடித்துக்கொண்டார். ஓய்வு பெற நாலு மாதமே இருந்ததால் அவருக்கு வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"இருபத்திரண்டு வருஷம் முன்னாடி இந்த விடைக்குறிப்பு தயாரிச்சப்ப நான் அந்த ரூம்லதான் இருந்தேன். அஞ்சு நிபுணருங்க. படிகத்தை எடை போட்டாச்சு, கிண்ணத்தை வெச்சாச்சு. பத்த வெக்கப் போனா சிலிண்டர்ல கேஸ் இல்ல. புது சிலிண்டருக்கு எழுதிப் போட்டோம். வரல. விடைக்குறிப்பு குடுக்க அன்னைக்குத்தான் கடைசி நாள்."

"அப்புறம்?" என்றார் சீலிங்காரர்.

"அப்புறம் என்ன? இருபது நிமிஷம்னு விதியில இருக்கே. எரியாத அடுப்பைச் சுத்தி இருபது நிமிஷம் உட்காந்து பாத்தாங்க. நிறம் மாறல. எடையும் மாறல. பாத்ததை அப்படியே எழுதிட்டாங்க. ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது."

"சிலிண்டர் வந்ததும் திரும்பச் செஞ்சிருக்கலாமே?" என்றாள் மகள்.

"அதுக்குள்ள அச்சாயிடுச்சே பாப்பா."

மகள் பெட்டிஷன் எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். ஆறாவது மனுவுக்கு, நிபுணர் குழு முன் செய்து காட்டலாம் என்று கடிதம் வந்தது. அன்று சீலிங்காரர் தெரு முழுக்க அந்தக் கடிதத்தைக் காட்டினார். ஊர் கூடித் தேர் இழுத்த மாதிரி அவருக்கு ஒரு பெருமிதம்.

குழு அறையில் நீண்ட மேஜை, எட்டு நாற்காலி, சுவரில் ஓர் அறிவிப்பு: இந்த அறையில் நெருப்புக்கு அனுமதி இல்லை. தலைமை நிபுணர் நடுவில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த உருவம், பேசுவதற்கு முன் கண்ணை மூடிக்கொள்வார்.

"தொடங்கலாம்" என்றார்.

"சார், பத்த வெக்கணுமே" என்றாள் மகள்.

"நெருப்பில்லாமல் சூடாக்கம்மா."

"எப்படி சார்?"

"பரிசோதனை உன்னுடையது. வழியை நீதான் சொல்ல வேண்டும்."

நெருப்புக்கு அனுமதி கேட்டுத் தனி மனு போட்டார்கள். தீ தடுப்புப் பிரிவில் ஒரு பெரிய மனிதர், எவ்வளவு நெருப்பு, எத்தனை விரல் உயரம், முடிந்த பிறகு அதை யாரிடம் ஒப்படைப்பது என்று எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்தார்கள். மூன்று வாரத்துக்குப் பிறகு வண்டிகள் நிறுத்தும் கொட்டகையில் செய்ய உத்தரவு வந்தது. அதற்குள் மழைக்காலம் தொடங்கியிருந்தது.

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு ஸ்கூட்டர்களை நகர்த்தி இடம் செய்தார்கள். நிபுணர்கள் குடை பிடித்துச் சுற்றி நின்றார்கள். மகள் ஐந்து கிராம் படிகத்தை எடை போட்டு, ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, கிண்ணத்தை முக்காலியில் வைத்தாள். சீலிங்காரர் தன் உடம்பால் காற்றை மறைத்தபடி குந்தியிருந்தார். படிகம் படபடவென்று பொரிந்தது. ஆவி எழுந்தது. ஓரத்தில் வெளுத்தது, பிறகு நடுவில். இருபது நிமிடத்தில் கிண்ணத்தில் இருந்தது வெறும் வெள்ளைத் தூள். ஆறவைத்து எடை போட்டாள். மூன்று புள்ளி இரண்டு.

நிபுணர்கள் தராசை எட்டிப் பார்த்தார்கள். ஒரு நிபுணர் மட்டும், அவர் வரலாற்றுப் பாடத்துக்காரர், "அட!" என்றார். மற்றவர்கள் திரும்பிப் பார்த்ததும் குடையைத் தாழ்த்திக்கொண்டார்.

தலைமை நிபுணர் கண்ணை மூடினார். "வெள்ளையாகத் தெரிகிறது. மறுக்கவில்லை. ஆனால் கொட்டகையில் தெரிவது ஆணையத்தின் முடிவாகிவிடாது. இதைக் கவரில் போட்டு அரக்கு வைத்து, உரிய மேஜைகள் வழியாக அனுப்புங்கள். முறைப்படி வந்து சேரட்டும். அப்போது பார்ப்போம்."

மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "சார், காகிதக் கவர் வேணாம் சார். இந்த மழைக்கு ஈரத்தை இழுத்துக்கும். திரும்ப நீலமாயிடும். இறுக மூடற கண்ணாடி பாட்டில் நானே தரேன்."

"ஆணையத்தில் கவர் நடைமுறைதான் உண்டு. பாட்டில் நடைமுறை கிடையாது."

"ஐயா, எங்க மாவு மூட்டையைத் திறந்து போட்டா ரெண்டு மழையில கல்லாயிடும்" என்றார் சீலிங்காரர். அந்தக் கட்டடத்தில் அவர் சொந்தமாகச் சொன்ன முதல் வாக்கியம் அது.

"மூட்டை வேறு, கோப்பு வேறு" என்றார் தலைமை நிபுணர், மிகவும் பரிவாக.

கவர் ஏழு மேஜைகளைக் கடக்க நாற்பத்தொரு நாள் ஆயிற்று. ஒரு மேஜைக்காரர் திருமணத்துக்குப் போயிருந்தார். இன்னொருவர் மேஜை ஒழுகும் கூரைக்கு நேர் கீழே இருந்தது. அந்த நாற்பத்தொரு நாளும் மழை விடவில்லை. மகள் தினமும் ஜன்னலண்டை நின்று மழையைப் பார்ப்பாள். தாய் தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டு அவளைப் பார்ப்பாள். "சாப்பிட வாடி" என்பாள்.

குழு முன்னால் அரக்கு உடைக்கப்பட்டது. கண்காணிப்பாளர் கவரை வெள்ளைத் தாளில் கவிழ்த்தார். நீலம். ஆணையத்தின் தராசில் வைத்தார்கள். ஐந்து கிராம்.

அறையில் ஒரு நிம்மதி பரவியது. ஒருவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"பார்த்தாயா அம்மா?" என்றார் தலைமை நிபுணர். "நாங்கள் அவசரப்பட்டிருந்தால் அன்றே உனக்கு மார்க் போட்டிருப்போம். எவ்வளவு பெரிய தவறாகியிருக்கும்! உண்மை என்பது கொஞ்சம் கூச்ச சுபாவம் உள்ளது. கொட்டகையில், பத்துப் பேர் முன்னால் வராது. நிதானமாக, மேஜை மேஜையாக நடந்து, தனிமையில்தான் வெளிப்படும். இருபத்திரண்டு வருஷமாக இந்த ஆணையம் எதையும் சூடாக்கியதில்லை. ஒருமுறைகூடத் தவறியதும் இல்லை. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று நினைக்கிறேன்."

"சார், இது திரும்ப நீலமானதுதான் சார் என் பதிலுக்கே ஆதாரம்! போன தண்ணி திரும்ப வந்திருக்கு. போகலேன்னா எப்படி வரும்?" மகள் தாளில் கிடந்த தூளைக் காட்டினாள். "நீங்க எல்லாரும் பாத்தீங்களே. சார், நீங்க 'அட'ன்னு சொன்னீங்களே!"

வரலாற்று நிபுணர் தன் பேனா மூடியைத் தேடினார்.

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று முடிவாகிவிட்டது. சீலிங்காரர் மகளின் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்.

கண்காணிப்பாளர் பின்னாலேயே வந்தார். தங்கமானவர் என்றேனே. "இங்க பாருங்க, பொண்ணு வாழ்க்கை. ரெண்டு மார்க்தானே வேணும்? கருணை மதிப்பெண்ணுன்னு ஒண்ணு இருக்கு. தலைமை நிபுணர்கிட்ட நான் பேசிட்டேன். ஒரே ஒரு வாக்குமூலம். நீலத்தைத் தவறுதலா வெள்ளைன்னு பாத்துட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, இந்த வாரமே சான்றிதழ். கல்லூரிக்கு இன்னும் ஒன்பது நாள்தானே இருக்கு?"

அன்று வீட்டில் யாரும் விளக்குப் போட எழுந்திருக்கவில்லை. அந்தி மங்கலில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"போட மாட்டேன்" என்றாள் மகள்.

"போடும்மா" என்றார் சீலிங்காரர். "நான் எத்தனை வீட்டுல வேலை பாத்திருக்கேன். ரசமட்டம் வெச்சுக் காட்டினாலும் வீட்டுக்காரர் கோணல்னு சொல்லுவாரு. சரிங்க, கோணல்தான்னு சொல்லிட்டு, தட்டற மாதிரி ரெண்டு தட்டு தட்டிட்டு இறங்கிடுவேன். இப்ப நேராயிடுச்சும்பாரு. கூரை அதேதான். யாருக்கு என்ன நஷ்டம்?"

"நீங்க கூரையைத் தட்டினீங்க. இவளை என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றாள் தாய்.

"ஒரு வருஷம் வீணாப் போகும்டி. அடுத்த வருஷமும் அதே கேள்வி, அதே புத்தகம். காகிதம் அவங்களோடது. அவங்க கேக்கறதை எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டே இருப்போம். உண்மை என்னன்னு நமக்குத் தெரியுமில்ல? அது போதாதா?"

மகள் விடைத்தாள் நகலை எடுத்து நாலாக மடித்தாள். பிறகு, "சரிப்பா" என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் சரி என்று சொல்லி அவர் கேட்டதே இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று இருந்தது அவருக்கு.

கையெழுத்துப் போட்ட நான்காம் நாள் சான்றிதழ் வந்தது. மதிப்பெண் பதினைந்து. பக்கத்திலேயே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: நீலத்தை வெள்ளையாகக் கண்டதாக மாணவி ஒப்புக்கொண்டதன் பேரில் கருணையுடன் வழங்கப்பட்டது.

கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர் சான்றிதழை வாங்கி ஒரு தடவை படித்தார். எழுந்துபோய் முதல்வரிடம் காட்டிவிட்டு வந்தார்.

"மன்னிக்கணும். மருந்தாளுநர் படிப்புக்கு நிறம் சரியாத் தெரியணும். மாத்திரைகளை நிறம் பாத்துப் பிரிக்க வேண்டியிருக்கும். நீலத்துக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாதவங்களைச் சேத்துக்கிட்டா நாளைக்கு ஒரு உசிரு போனா யார் பதில் சொல்றது?"

"அவளுக்கு நல்லாத் தெரியுங்க! அது சும்மா எழுதிக் குடுத்தது" என்றார் சீலிங்காரர்.

"ஆணையத்துக்குப் பொய்யா எழுதிக் குடுத்தீங்களா?" எழுத்தர் பேனாவைக் கையில் எடுத்தார். "அப்ப அது வேற பிரிவு."

சீலிங்காரர் வாயை மூடிக்கொண்டார். காலையிலிருந்து மாலை வரை முதல்வர் அறை வாசலில் நின்றார்கள். கடைசியில், அரசாங்கக் கண் மருத்துவர் நிறப் பரிசோதனை செய்து எழுதிக் கொடுத்தால் பரிசீலிக்கலாம் என்று சொன்னார்கள். மிச்சம் இருந்தது இரண்டு நாள்.

கண் மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. அலுத்த முகம், அன்பான குரல். சான்றிதழின் குறிப்பைப் படித்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். மகளை எதிரே உட்கார வைத்தார். சீலிங்காரர் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தார்.

மருத்துவர் முதல் அட்டையை எடுத்துக் காட்டினார். அறைக்கு அந்தக் கோடியிலிருந்தே தெரிந்தது, பளிச்சென்ற பச்சை.

"இது என்ன நிறம்மா?"

மகள் அட்டையைப் பார்த்தாள். பிறகு மருத்துவரைப் பார்த்தாள்.

"உங்க பேப்பர்ல என்னன்னு போட்டிருக்கு, டாக்டர்?"

மருத்துவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார். அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. பணிவாக, கையை மடியில் கோத்துக்கொண்டு, பதிலுக்காகக் காத்திருந்தாள்.

சீலிங்காரர் எழுந்துவிட்டார். "அம்மாடி, உனக்கு என்ன தெரியுதோ அதைச் சொல்லும்மா." அவர் குரல் அவருக்கே வேறு யாருடைய குரலோ போலக் கேட்டது.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"நீங்க உட்காருங்கப்பா" என்றாள்.

பரிசோதனை கால் மணி நேரத்தில் முடிந்தது. கண்ணில் எந்தக் குறையும் இல்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். மறுநாளே கல்லூரியில் சேர்த்துக்கொண்டார்கள். தெருவில் எல்லாரும் வந்து வாழ்த்திவிட்டுப் போனார்கள். இருபத்துநாலு அட்டைக்கும் அவள் சரியான பதிலே சொல்லியிருந்தாள். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் ஒரு தடவை மருத்துவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டாள்.